திரும்பப் போட்ட மணி திரும்ப வருகிறதா?

சொம்பில் பத்துப் பாசிமணி போட்டு, ஒன்றை எடுத்து, திரும்பப் போட்டு, மறுபடி எடுக்கும் நிகழ்தகவுக் கணக்கைக் கையால் செய்து பார்க்கும் வேலை இது. சொம்பு ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. 200 முறை எடுத்ததில் போட்ட மணியே அடுத்ததாக வந்தது 21 தடவை. வரவேண்டியது ஏறத்தாழ 20. இந்த ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனை பாடு.

அமைப்பு பாடப் புத்தகத்தில் வரும் பழையதுதான். 5 சிவப்பு, 3 வெள்ளை, 2 கறுப்பு. ஒன்றை எடு, குறி, திரும்பப் போடு. சிவப்பை அடுத்துச் சிவப்பு வர வாய்ப்பு 1/2 × 1/2 = 1/4. சிவப்பை அடுத்து வெள்ளை 1/2 × 3/10 = 3/20. திரும்பப் போடாவிட்டால் இவை 2/9, 1/6. பெருக்கலில் ஒரு வம்பும் இல்லை. வம்பெல்லாம் ‘திரும்ப வைக்கப்படுகிறது’ என்ற சொல்லில் இருக்கிறது. வைத்த பிறகு கலக்கினார்களா என்று புத்தகக் கணக்கு பெரும்பாலும் மூச்சு விடாது. கலக்காத சொம்பில் சார்பிலா நிகழ்ச்சி, அதாவது முன்னது பின்னதைப் பாதிக்காத நிகழ்ச்சி, ஏது?

இது இரண்டு விதமாகக் கெடும். போட்ட மணி மேலேயே கிடந்து, கையும் மேலாக எடுத்தால் அதுவே மறுபடி வரும். இதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். மற்றது கள்ளத்தனமானது. ‘இப்போதுதானே போட்டோம்’ என்று விரல் தானாக அடிவரைக்கும் துழாவும், போட்ட மணி வரவே வராது. அப்போது மிச்சம் 9, அதில் சிவப்பு 4. சிவப்பை அடுத்துச் சிவப்பு 1/2 × 4/9 = 2/9 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திரும்பப் போட்டுக்கொண்டே, போடாத கணக்கின் விடையை வாங்குகிறோம்!

நிறத்தை எண்ணி இதைப் பிடிக்க முடியாது. இரண்டு கோளாறிலும் மொத்தச் சிவப்பு 100ஐ ஒட்டியே நிற்கும், பார்க்கிறவர்கள் ‘சரியாகத்தானே வருகிறது’ என்பார்கள். சிவப்பு–சிவப்பு ஜோடியை எண்ணினாலும் அதே கதை. 200 எடுப்பில் அடுத்தடுத்து வரும் 199 ஜோடியில் சரியான எதிர்பார்ப்பு 50. போட்ட மணி வரவேண்டிய 1/10க்கு இருமடங்கு, அதாவது 1/5 வாய்ப்பில் வந்தால் 55. அடுத்தடுத்த ஜோடிகளுக்கு ஒரு எடுப்பு பொதுவாக இருப்பதால் திட்ட விலக்கம் (தற்செயலாக ஏறியிறங்கும் வழக்கமான அளவு) 8க்குப் பக்கத்தில் இருக்கிறது. 5 என்ற வித்தியாசம் அதில் காணாமல் போய்விடும்.

அதனால் மணிகளுக்கு 1 முதல் 10 வரை எண் போட்டுவிட வேண்டும். நன்றாகக் கலந்தால் அதே எண் உடனே வர வாய்ப்பு 1/10. 199 ஜோடிக்கு எதிர்பார்ப்பு 19.9, திட்ட விலக்கம் 4.2. அதன் இருமடங்குக்குள், அதாவது 12 முதல் 28 வரை வந்தால் விட்டுவிடலாம். மேலே போனால் கை மேலாக எடுக்கிறது, கீழே போனால் துழாவுகிறது. மேலே சொன்ன அதே இருமடங்குக் கோளாறு இங்கே 40 என்று வந்து நிற்கும், ஒளிய இடமில்லை.

எண் போடுவதும் லேசில்லை. ஸ்டிக்கர் விரலுக்குத் தட்டும். பெர்மனன்ட் மார்க்கர் நல்லது, ஆனால் புதுச்சேரி வேர்வைக்குச் சீக்கிரம் அழியும். மேலே நிறமில்லா நெயில் பாலிஷ் பூசினால் நிற்கும். பூசினால் பத்துக்கும் பூச வேண்டும். அழிந்த மூன்றுக்கு மட்டும் பூசினால் அந்த மூன்றும் விரலுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

இனி கலக்கல். துணிப்பை வேண்டாம், மூலையில் மணி ஒதுங்கிக்கொள்ளும். வில்லியனூர் சுடுமண் பானை பார்க்க அழகு, ஆனால் பூச்சில்லாத உட்புறச் சொரசொரப்பு மார்க்கரைத் தேய்த்துவிடும். அரை லிட்டர் எவர்சில்வர் சொம்பு இரண்டு போதும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மெதுவாகச் சாய்த்தால் மேலே இருந்த மணி முதலில் விழுந்து அடிக்குப் போகும். மறுபடி சாய்த்தால் திரும்ப மேலே வரும். வெறும் மாற்றல் வரிசையைத் தலைகீழாக்கும், அவ்வளவுதான். எனவே மணியைப் போட்டு, வாயைப் பொத்திப் பக்கவாட்டில் ஐந்து குலுக்கு. சட்டென்று அடுத்த சொம்பில் கவிழ். மறுபடி ஐந்து குலுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலில் முதலில் பட்டதை எடு. துழாவல் கூடாது.

ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதில் கெட்டி. குடவோலையை வெறுங்குடத்துக்கு மாற்றி நன்றாகக் குலுக்கவும் வேண்டும், உள்ளிருப்பது அறியாத சிறுவன் எடுக்கவும் வேண்டும் என்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, 1969 டிசம்பரில் அமெரிக்கா ராணுவ ஆள்சேர்ப்புக்கு 366 தேதிக் குப்பிகளைச் சரியாகக் கலக்காமல் எடுத்து, ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்களுக்குச் சிறிய எண்களாக, அதாவது முதலில் அழைக்கப்படும் எண்களாக விழுந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது.

மணி வாங்க காந்தி வீதி சண்டே மார்க்கெட் பக்கம் போகலாம். 12 மி.மீ. பிளாஸ்டிக் மணி, ஓட்டை ஒரே அளவா என்று பார்த்து, மூன்று நிறத்தையும் ஒரே கடையில் எடுப்பது நல்லது. நிறத்துக்கு நிறம் எடை மாறினால் குலுக்கும்போது கனமானது அடியில் தங்கும். நகைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவில்லாமல் செய்கிறேன் என்று குன்றிமணிக்குப் போக வேண்டாம், அது விஷம். பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டையும் ஆகாது, தோட்டு எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும்.

வெள்ளை–கறுப்பு ஜோடிகளின் அட்டவணை இன்னும் பாக்கி. அதற்குள் அடுத்தது இழுக்கிறது: பத்து எண்ணும் குறைந்தது ஒரு தடவையாவது வந்துவிட எத்தனை எடுப்பு? கணக்கு சராசரி 29.3 என்கிறது. முதல் பத்து எடுப்பிலேயே பத்தும் வர வாய்ப்பு 10,000க்கு 4 கூட இல்லை. கையிலுள்ள 200ஐ வெட்டினால் ஆறேழு சுற்றுதான் தேறும், சராசரிக்கு அது போதாது. குறிப்புநோட்டில் நிறத்தோடு எண்ணையும் வரிசை மாறாமல் எழுதி வைத்தால் இரண்டு வேலைக்கும் ஒரே பட்டியல் உதவும்.