பெத் தின் முன்னால் போய் உட்காருவதற்கு முன்

லண்டனில் ஆர்த்தடாக்ஸ் முறைப்படி நான் யூத மதத்துக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. இதே பாதையில் இருக்கும் சிலர், என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். படிப்பைவிட முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பெத் தின் என்பது மூன்று நீதிபதிகள் அமரும் மத மன்றம். முதல் சந்திப்பில் அவர்கள் கேட்டது, "ஏன் வந்தீர்கள்?" நான் ஒரு யூதப் பெண்ணை விரும்பினேன். அதை மறைத்துவிட்டு, ஒரே கடவுள், பழமையான மரபு என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். இன்னும் யோசித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். பணம், பதவி, பயம், காதல் என்று ஏதாவது பின்னால் இருக்கிறதா என விசாரிக்கும்படி 12ஆம் நூற்றாண்டிலேயே யூத மதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதி வைத்திருக்கிறார்.

எட்டு மாதம் கழித்துப் போய் உள்ளதைச் சொன்னேன். "அந்தப் பெண் விலகிப் போனால் என்ன செய்வீர்கள்?" என்றார்கள். அப்போதும் ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில்தான் குடியிருப்பேன் என்றேன். அதற்குள் வீடு மாற்றியிருந்தேன்.

தடுத்துப் பார்ப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேதாகமத்தில் வரும் நகோமியும், தன் பின்னால் வந்த மருமகள் ரூத்தைத் திரும்பிப் போ என்று சொல்லிப் பார்த்தவள்தான். மதம் மாற வருபவரிடம், இஸ்ரவேலர் படும் துன்பம் தெரியாதா என்று கேட்கச் சொல்கிறது யூதச் சட்ட விவாத நூலான தல்மூத். "தெரியும், அதற்குக்கூட நான் தகுதியில்லாதவன்" என்பவரை உடனே ஏற்கவும் சொல்கிறது.

சரி, பெத் தின் வைக்கும் தேர்வுக்கு வருவோம். கேள்விகள் பெரும்பாலும் சமையலறையிலிருந்துதான் வரும். வாழைப்பழம் சாப்பிடும் முன் எந்த ஆசீர்வாதம் சொல்ல வேண்டும்? வாழை மரம் என்று சொல்லியே வளர்ந்த நான் "மரத்தின் கனி" என்றேன். "மண்ணின் கனி" என்பதே சரி. குலை தள்ளியதும் அந்தத் தண்டு பட்டுப்போகிறது, மரம்போல நிற்பதில்லை. சனிக்கிழமை ஓய்வு நாளான சப்பாத் அன்று அரிசியில் கல் பொறுக்கலாமா? கூடாது, தடை செய்யப்பட்ட 39 வேலைகளில் பிரித்தெடுப்பதும் ஒன்று. இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்தால் நிற்காது, வாரா வாரம் செய்து பார்க்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. மாறி முடியும்வரை சப்பாத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கக் கூடாது, ஏதாவது ஒரு விதியை மீற வேண்டும் என்பார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுவேன். மதமாற்றத்தை நிறைவு செய்யும் சடங்குக் குளமான மிக்வேயில் முங்கி எழுந்தது ஒரு வியாழக்கிழமை. அந்த வாரச் சனிக்கிழமை நோட்டு மேஜைமேல்தான் இருந்தது, நான் தொடவில்லை.