பச்சை மூடி ட்யூபில் மாட்டு ரத்தத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் ஜெர்சி கலப்புப் பசுவுக்கு 106 டிகிரி காய்ச்சல். தோளுக்கு முன்னால் நெறி கட்டி உருண்டு நின்றது. குடியாத்தம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் புதிதல்ல. டாக்டர் காதில் குத்தி எடுத்த ரத்தத்தை ஸ்லைடில் பார்த்துவிட்டு, "கிருமி மாதிரியும் இருக்கு, சாயத் துகள் மாதிரியும் இருக்கு, பிசிஆர் பார்த்துடலாம்" என்றார். பிசிஆர் என்பது ரத்தத்தில் உள்ள கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் சோதனை. உண்ணி பரப்பும் கிருமிகளில் தைலேரியாவுக்கு பியூபார்வகுவோன், பபேசியாவுக்கு டைமினசின், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பியூபார்வகுவோன் விலையும் அதிகம்.

வேலூரில் ஒரு சேகரிப்பு மையத்தில் கொடுக்கச் சொன்னார்கள். அங்கிருந்த பையன் ஊதா மூடி ட்யூப் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, டாக்டர் எடுத்துக் கொடுத்த ரத்தத்தைப் பச்சை மூடி ட்யூபில் மாற்றினான். சீட்டில் இடிடிஏ (ஊதா மூடி ட்யூபில் இருக்கும், ரத்தம் கட்டாமல் வைக்கும் மருந்து) என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். "எந்த ட்யூபா இருந்தா இன்னாண்ணா, ரத்தம் ரத்தம்தானே" என்றான். நான் வற்புறுத்தியும் கேட்கவில்லை.

மாடு தீவனம் தொடாமல் கிடக்க, பதில் வந்தது: மாதிரி சோதனைக்கு உகந்ததல்ல. பச்சை மூடி ட்யூபில் இருப்பது ஹெப்பாரின் என்ற வேறொரு ரத்தம் கட்டாமல் வைக்கும் மருந்து. டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியையே அது மடக்கிவிடும். அப்புறம் கிருமி இருந்தாலும் சோதனையில் தெரியாமல் போகலாம். ஒரு ட்யூபுக்காக மாட்டின் உயிரோடு விளையாடியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுமுறை ஊதா மூடி ட்யூபை மருந்துக்கடையில் நாங்களே வாங்கி, எடுத்த ரத்தத்தை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, ஐஸ் பாக்ஸில் வைத்து நேராக லேபுக்கே கொண்டுபோனோம். உறைய வைக்கக் கூடாது, குளிர்ச்சி போதும். அங்கிருந்த மேடம் பொறுமையாக, டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தையே காட்டினார். அளவுக்கோடுகளுக்குப் பக்கத்தில் எங்கள் மாட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு, 721 டிஎன்ஏ எழுத்து நீளத்தில். டாம்ஸ்1 என்ற மரபணுத் துண்டு அது. தைலேரியா அன்னுலாட்டாவுக்கான அடையாளம். பெரும்பாலும் லேசாகப் போகிற தைலேரியா ஓரியன்டாலிஸ் இனம் இல்லை, மாட்டைக் கொல்லும் வகை. அன்றே கழுத்தில் ஊசி போட்டோம். பிழைத்துவிட்டது.

ரிப்போர்ட்டில் வெறும் "பாசிட்டிவ்" என்று இருந்தால் எந்த இனம், எந்த மரபணு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தேறிய மாட்டுக்கு மறுபடி பிசிஆர் எடுத்துப் பாசிட்டிவ் வந்தால் பதறாதீர்கள். கொஞ்சம் கிருமி ரத்தத்தில் தங்கிவிடும். அதன் மேல் ஏறும் உண்ணி அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகும் என்பதால், கொட்டகைச் சுவர் வெடிப்பு வரைக்கும் மருந்து அடித்தாக வேண்டும்.