“எத்தனை மணி நேரக் குழந்தை?”

ஐப்பசி அடைமழை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் நாலு நாளாக வெயில் தலைகாட்டவில்லை. “பொறந்த புள்ளைக்கு மஞ்ச காமிக்கத்தான் செய்யும், காலை வெயில்ல காட்டுனா போயிடும்” என்று அம்மாயி திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். வெயில் அடித்திருந்தாலும் அது போதுமானதாக இருந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் மகள் 37 வாரத்தில் பிறந்தவள், 2.6 கிலோ. பிரசவம் பார்த்த இடத்தில் இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஓ பாசிட்டிவ். குழந்தைக்கு என்ன குரூப், மறுபடி எப்போது காட்ட வேண்டும், ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி பாலுக்கே எழும்பவில்லை. “சமத்துப் புள்ள, தூங்குது” என்றார்கள். காலையில் வந்த கிராமத்து நர்ஸம்மா நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தார். வெளுக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது; அடுத்து வயிறு, முழங்கால், உள்ளங்கால், எல்லாமே அப்படித்தான். கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டியதும் அழுதாள் பாருங்கள், கீச்சென்று, முதல் நாள் கேட்ட குரலே இல்லை. “108-க்குப் போன் போடுங்க” என்றார்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “எத்தனை மணி நேரக் குழந்தை?” நாள் கணக்குச் சொன்னேன், மணி கேட்டார். 80. ரத்த அணு உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின், 22. முதல் நாளே 12 வந்தால் ஆபத்து, ஐந்தாம் நாள் அதே 12 பெரும்பாலும் பயமில்லை, அதனால்தான் மணிக்கணக்கு. குழந்தை பி பாசிட்டிவ். நான் ஓ என்பதால், பி ரத்தத்தை எதிர்க்க என் உடம்பிலிருந்து போன எதிர்ப்பொருள் அவள் ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டிருந்தது.

மூளைக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டேன். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் பிலிருபினைப் பிடித்து வைத்திருக்கும். பிடியில் சிக்காமல் மிஞ்சுவதுதான் மூளைக்குள் போகும். அதனால் விழிப்பு, தசைப் பிடிப்பு, அழுகை மூன்றையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மதிப்பெண் போட்டார், ஏற ஏற ஆபத்து. ஒன்பதுக்கு நாலு. “உடனே செஞ்சா திரும்பக்கூடிய கட்டம்மா.”

தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை எடுத்து, எடுத்த அளவுக்கு ஓ குரூப் ரத்தம் ஏற்றினார்கள். அவள் உடம்பில் இருக்கும் ரத்தத்தைப் போல இரண்டு பங்கு, 400 மில்லிக்கு மேல். பிறகு கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே கிடத்தினார்கள். இரண்டாம் நாள் தானாகவே வாய் வைத்துச் சப்பினாள். மடி நனைந்துகொண்டிருந்தது, நான் அசையவில்லை.

வீட்டுக்கு வருமுன் பெரா சோதனை, சத்தம் காதிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது. பிலிருபின் முதலில் தாக்கும் இடங்களில் காது நரம்பின் பாதையும் ஒன்று. காதின் எதிரொலியை மட்டும் பார்க்கும் சோதனையில் அது தெரியாமல் போகலாம், பெராதான் காட்டும். தூங்கும் குழந்தையின் தலையில் ஒயர் ஒட்டி, காதில் டக் டக்கென்று சத்தம் கொடுத்தார்கள். சத்தத்துக்கு நரம்புப் பாதை காட்டும் பதில் அலை அலையாகப் பதிவாகும்; அதில் ஐந்தாவது அலை தாமதமாக வந்தது. தை மாதம் மறுபடி பார்த்தபோது அது தன் இடத்துக்கு வந்திருந்தது.

கழுத்து நிற்பது, உட்காருவது, கண்ணை மேலே தூக்கிப் பார்ப்பது, எல்லாவற்றையும் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வயதில் இன்னொரு பெரா. அட்டையில் தேதியை எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.