நாப்பது நிமிஷம் ஆட்டம், அப்புறம் ரிட்டர்ன் ட்ரெயின்

சித்தி மகன் அழகப்பா யுனிவர்சிட்டி கபடி டீம்ல செலக்ட் ஆயிட்டான், பாம்பன்ல எங்க தெருப்பூரா இதே பேச்சுதான். ராம்நாடு, சிவகங்கை ரெண்டு மாவட்டத்து ஆர்ட்ஸ் காலேஜ் பசங்களும் இன்டர் காலேஜ் ஆடி, அதுல பொறுக்கி எடுக்குற டீம்னா சும்மாவா.

ஆனா பயலுக்கு போட்டியில தரைல விரிக்கிற மேட்டுதான் இன்னும் பழகல. பொறந்ததுலேர்ந்து கடற்கரை மணல்ல ஆடுன காலு. பாடிப் போறவனுக்கு எதிர்ல ஆறு பேராவது நின்னாத்தான் போனஸ்ங்கிற கூடுதல் பாயிண்ட், அதுவும் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது மத்த கால் அந்தரத்துல இருக்கணும், மணல்ல அந்தப் பின்னங்கால் லேசா இழுபட்டாலும் ஊர் ரெஃப்ரி கண்டுக்க மாட்டாரு, மேட்டுல உடனே விசில். ஷூ வேற கச்சுனு பிடிச்சுக்குது, மணல்ல திரும்புற மாதிரி வெடுக்குனு திரும்புனா முழங்கால் போச்சு.

சரி அதெல்லாம் பழகிரும். எனக்கு எரிச்சல் வர்றது டோர்னமென்ட் முறை மேலதான். சவுத் ஸோன் போட்டில தென்னிந்திய யுனிவர்சிட்டி டீம் எல்லாம் வந்து இறங்கும், பேரு 'நாக்-அவுட் கம் லீக்', ஆனா எல்லாரும் எல்லாரோடயும் ஆடுற லீக் கடைசில மிஞ்சுற நாலு டீமுக்கு மட்டும்தான், அந்த நாலும்தான் ஆல் இந்தியா போட்டிக்கும் போகும். மத்தவன் ஒரு மேட்ச் தோத்தா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். வருஷம் முழுக்க காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுனவனுக்கு கிடைக்கிறது இருபது இருபதா நாப்பது நிமிஷம், அதுலயும் சப்ஸ்டிடியூட்டா உக்காந்திருந்தா அதுவும் இல்ல. 2020ல புவனேஸ்வர்ல ஆரம்பிச்ச கேலோ இந்தியா யுனிவர்சிட்டி கேம்ஸ் நல்ல விஷயம்தான், அங்கயும் மேல வந்த டீமுக்குத்தான் இடம்.

வீட்டுல கேட்டா, யுனிவர்சிட்டிக்கு ஆடுனதுக்குத் தர்ற ஃபார்ம் த்ரீ சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தா போதும்ங்கிறாங்க. சித்தப்பா போட்டுக்குப் போறவரு, அவருக்கு மகன் கடலுக்கு வராம இருந்தா சரி, கவர்மென்ட் வேலைல ஸ்போர்ட்ஸ் கோட்டா 3 சதவீதம் இருக்குல்ல. தப்புன்னு சொல்ல மாட்டேன்.

ராம்நாடு, பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம்னு எல்லா ஊர்லயும் காலேஜ் இருக்கே, சனிக்கிழமை சனிக்கிழமை மாத்தி மாத்தி ஒருத்தர் ஊர்ல ஒருத்தர் போய் ஆடுனா அதுதானய்யா லீக்! பஸ்ஸுலயே போயிட்டு வந்துரலாம். இதை அவன்கிட்ட சொன்னா, "அதெல்லாம் இருக்கட்டும்ணே, மொதல்ல எனக்கொரு மேட்டு ஷூ வாங்கிக் குடு"ங்கிறான்.