சீட்டில்லாத கூடை

"சீட்டு எங்கே?" என்றுதான் கேட்டேன். அதற்குமேல் ஒரு சொல்கூடக் கடுமையாகப் பேசவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது; கேட்டது சரிதான், கேட்ட குரல்தான் சரியில்லையோ என்று இன்னும் குடைகிறது.

இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் ஆட்கள் வேலை செய்யும் குசினிகளில் அக்டோபர் என்றால் போர்ச்சினிக் காளான்தான். (குசினி, போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொல். இங்கே குச்சினா. வந்த அன்று எனக்குப் புரிந்த ஒரே சொல்.) ட்சியோ என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் கிழவர், நம் ஊர் 'மாமா' மாதிரி, மதோனியே மலையில் ஓக் மரங்களின் அடியில் பொறுக்கிப் பிரம்புக் கூடையில் கொண்டுவருவார். கறுப்புப் போர்ச்சினி. தொப்பி, புகையேறிய வெண்கலச் சட்டி நிறம். அடியில் மடிப்புகள் கிடையாது, பஞ்சுபோல நுண்துளைகள். காம்பில் மெல்லிய வலைப்பின்னல். வெட்டினால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். ஓக் அடியில் நஞ்சுள்ள சாத்தான் காளானும் முளைக்கும். ஆனால் அதற்கு வெளிறிய தொப்பி, சிவந்த துளைகள், வெட்டிய இடம் நீலமாகும். இரண்டையும் குழப்ப ட்சியோவுக்குக் கண் தெரியாமல் போயிருக்க வேண்டும்.

இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. 1995-ஆம் ஆண்டு ஆணைப்படி, சுகாதாரத் துறையின் காளான் பரிசோதகர் பார்த்துச் சீட்டுத் தராமல் காட்டுக் காளானை விற்க முடியாது. அன்று முதலாளி இல்லை, பொறுப்பு என் தலையில்.

"என்னிடமா கேட்கிறாய், மகனே?" என்றார். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, பெருவிரலால் மண்ணைத் தள்ளி, மடக்குக் கத்தியால் சீவிப் பச்சையாகவே மென்றார். இன்னொரு துண்டைக் கத்தி முனையில் என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

கூடையை மறுத்தது சரி. அந்தத் துண்டை ஏன் மறுத்தேன்? சட்டம் விற்பதைத்தான் தடுக்கிறது, மாமா கையால் ஒரு வாய் தின்பதை அல்ல. பாத்திரம் கழுவும் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் என்று ஒரு நாள் தோன்றும். என் வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், வம்பு வேண்டாமென்று நினைத்தேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்த நினைப்பு வந்தது வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய வாரம் இதே கூடை, இதே சீட்டில்லாமல் வந்தது. முதலாளி "போடு" என்றார். அவருடைய விருந்தாளிகளுக்கு நானே சீவி, பூண்டு போட்டு வதக்கிக் கொடுத்தேன். அப்போது 1995 எனக்கு நினைவில் இல்லை.

இந்த ஊரில் எத்தனை அலுவலக யன்னல்களில் "கடதாசி எங்கே?" என்று என்னைக் கேட்டிருப்பார்கள்! முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கேட்கும் அந்தக் கேள்வி. பதினேழு வருடத்தில் முதல் தடவை நான் யன்னலுக்கு உள்பக்கம் நின்றேன். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வேண்டுமா என்று இரண்டு தரம் அழித்தேன். ஆனாலும் யாருக்காவது வயிற்றைப் புரட்டியிருந்தால் ட்சியோவையா தேடி வந்திருப்பார்கள்? என்னைத்தானே.

அவர் அந்தத் துண்டை எஃகு மேசையில் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. இரவு மேசை துடைக்கும்போது அது ஓரம் சுருண்டு கிடந்தது. நிறம் மாறவில்லை. வாயில் போடவும் இல்லை, குப்பையில் தள்ளவும் கை வரவில்லை. காலையில் வந்தபோது பையன் துடைத்துவிட்டிருந்தான்.