18 சென்டிமீட்டர்

ஜூன் 3

என் தாடி ஓணான் சாமியாரின் தொட்டிக்குப் புது விளக்குக் குழாய் மாட்டியாயிற்று. பழையது 14 மாதம் ஓடிவிட்டது. வெளிச்சத்தில் ஒரு குறையும் தெரியாததால் நானும் கண்டுகொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அப்படியே இருக்குமாம், யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் மட்டும் சத்தமில்லாமல் வடிந்துவிடுமாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று போன வாரம்தான் படித்தேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. தோலில் யூவிபி பட்டால்தான் வைட்டமின் டி3 ஊறும், டி3 இருந்தால்தான் கால்சியம் எலும்பில் சேரும். தாடை ரப்பர் மாதிரி வளைந்துபோன பல்லிகளின் படங்களை ஏன் பார்த்தேனோ.

இந்த முறை கஞ்சத்தனமே கிடையாது. டி5 என்கிற ஒல்லியான, வீரியம் கூடிய குழாய், யூவிபி 14 சதவீதம், அதன் முதுகில் பளபளவென்று ரிஃப்ளெக்டர். பழையது வீரியம் குறைந்த டி8, கம்பி வலைக்கு மேலே கிடந்தது. வலையே யூவிபியில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதால் வலையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயைத் தொட்டிக்கு உள்ளேயே மாட்டினேன். அது எரிய எரியவே தலையை உள்ளே விட்டுக் கல், கட்டை எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

சாமியார் உடனே கட்டையின் உச்சிக்கு ஏறிவிட்டார். வயிற்றைப் பரப்பி, கண்ணை மூடித் தவம். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஜூன் 4

ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி உறுத்தல். போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். இடது முன்கை சிவந்து திகுதிகுவென்கிறது. என்ன கடித்ததோ.

ஜூன் 5

தவம் நீள்கிறது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "உன் சாமியாருக்கு முக்தி கிடைச்சிடுச்சுடா" என்று பதில். சிரித்தேன்.

ஜூன் 6

பூச்சியை விட்டேன். அவர் மூக்குக்கு நேரே நின்று மீசையை ஆட்டியது. அசையவில்லை. முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. தோல் உரிக்கப் போகிறார் போல. உரிக்கிற நாட்களில் சாப்பாடு இறங்காது.

ஜூன் 7

தோல் உரிப்பு இல்லை.

இன்றுதான் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தேன். இமை இரண்டும் உப்பியிருக்கின்றன. விளிம்பில் ஈரம் காய்ந்து மெல்லிய பொருக்கு. முன்காலைத் தூக்கிக் கண்ணைத் தேய்க்கிறான், அது எட்டாதபோது முகத்தைக் கல்லில் வைத்து இழைக்கிறான். கட்டையின் உச்சியில் இல்லை, அடியில் இருட்டு மூலையில் கிடக்கிறான். எப்போது இறங்கினான் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தவம், தவம் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8

டாக்டர் அவனைத் தொடுவதற்கு முன்பே கேட்டது: "சமீபத்துல விளக்கு மாத்தினீங்களா?"

ஆமாம், நல்ல விளக்காகப் பார்த்து மாற்றினேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டார். அறை விளக்கை அணைத்து நீல வெளிச்சம் அடித்தார். இரண்டு கண்ணிலும் பச்சைப் பொடி தூவிய மாதிரி மின்னியது. கருவிழியின் மேல்தோல் உரிந்த இடத்தில்தான் அந்தச் சாயம் ஒட்டுமாம். "வெல்டிங் பண்றதைக் கண்ணாடி போடாம பார்த்துட்டு ராத்திரி கண்ணைத் திறக்க முடியாம தவிப்பாங்க இல்லையா, அதேதான் இது."

எவ்வளவு உயரத்தில் மாட்டினீர்கள் என்றார். தெரியவில்லை. வலை இருக்கிறதா என்றார். எடுத்துவிட்டேன்.

மருந்துச் சீட்டை நீட்டும்போது என் கையைப் பார்த்தார். "இது என்ன?" சிவப்பு அதற்குள் கறுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே பட்டையாக நின்றது. வாட்ச் கட்டுகிற இடம் மட்டும் வெளுப்பு. ராத்திரி கண் உறுத்தியதா என்றும் கேட்டார். தலையாட்டினேன். "உங்க உடம்பு அன்னைக்கே சொல்லியிருக்கு." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டேப் எடுத்தேன். கட்டை உச்சியில் அவன் முதுகு இருக்கிற இடத்திலிருந்து குழாய் வரை 18 சென்டிமீட்டர்.

ஜூன் 9

குழாயை அணைத்துவிட்டேன். சூட்டுக்கு ஹாலோஜன் மட்டும். யூவி இல்லாவிட்டால் எலும்பு என்னவாகும் என்று போன் போட்டுக் கேட்டேன். ஒன்றிரண்டு வாரத்தில் எலும்பு கரைந்துவிடாது, முதலில் கண் என்றார். சரி.

களிம்பு மூன்று வேளை. இமையை விலக்கக் கட்டைவிரலை வைத்ததுமே அவன் தாடி கறுத்தது. கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கறுப்பான், பூச்சி டப்பாவைப் பார்த்துக்கூடக் கறுத்திருக்கிறான். என்னிடம் இதுதான் முதல் தடவை.

ஜூன் 10

திறக்கவில்லை. தோல் உரிகிறது, எனக்கு.

ஜூன் 11

திறக்கவில்லை. மணி இரண்டு. படித்துக்கொண்டே இருக்கிறேன்.

தரைக்கு வந்து சேரும் வெயிலில் 290 நானோமீட்டருக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே இருக்காது, ஓசோன் நிறுத்திவிடும். டி3 ஊறுவது 290-க்கும் 315-க்கும் நடுவே. அதற்கும் கீழே இறங்கினால் உதவி நின்று அறுப்பு தொடங்குகிறது. 2000-களில் வந்த சில காம்பாக்ட் விளக்குகளிலிருந்து இந்தக் குட்டை அலை கசிந்து, ஊர்வன வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன. விளக்கை எடுத்ததும் பெரும்பாலும் தேறியிருக்கின்றன. இந்தக் கடைசி வரியை ஏழெட்டு முறை படித்தேன்.

உண்மையைச் சொன்னால், என் குழாயும் அந்த ரகமாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். அப்படியென்றால் குற்றம் செய்தவன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். அதில் ஒரு பல்லி சிரிக்கிறது, 14 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. பார்த்தாயா, தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்று கோபம்கூட வந்துவிட்டது. அப்புறம் ஞாபகம் வந்தது, உள்ளே ஒரு தாள் இருந்தது.

தொட்டி ஸ்டாண்டின் ஒரு கால் ஆடும். 3-ஆம் தேதி அந்தத் தாளை நாலாக மடித்து அதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன். உருவினேன். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே அவன் நகம் கண்ணாடியில் கீறுகிற சத்தம்.

வலையில்லாமல் மாட்டினால் குறைந்தது 40 சென்டிமீட்டர். படமும் போட்டிருக்கிறது.

ஜூன் 12

இடது கண்ணில் மயிரிழை அளவு ஒரு கீற்று. ஜன்னல் பக்கம் தலை திரும்பியதும் மூடிக்கொண்டான்.

அக்கா போனில்: "விளக்கே வேணாம்டா, ஜன்னல் ஓரமா வெயில்ல வை." ஜன்னல் கண்ணாடியில் யூவிபி அநேகமாக முழுசும் நின்றுவிடும், சூடு மட்டும்தான் உள்ளே வரும் என்றேன். "அப்போ தொட்டியோட வெளியில தூக்கி வை." கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் வெந்தே போவான் என்றேன். "ஒரு ஓணான் வளர்க்க இவ்வளவு படிக்கணுமா?" பதில் சொல்லவில்லை. படித்திருந்தால்தானே.

ஜூன் 14

புற ஊதாக் கதிரை அளக்கிற மீட்டர்காரர் வந்தார். ஏழு ஆமை வளர்க்கிறவர், வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கருவியின் பெயர் சோலார்மீட்டர் 6.5, புற ஊதாக் குறியீட்டை நேராகக் காட்டும். சாமியாரைத் துணியில் சுற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டுக் குழாயைப் போட்டோம்.

கட்டை உச்சியில் 11.6.

குறியீடு 3-ஐத் தொட்டாலே மனிதர்கள் நிழல், தொப்பி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் 11.6-ஐக் காலையிலிருந்து மாலை வரை அவன் முதுகில் இறக்கியிருக்கிறேன். நிழலுக்கு ஒதுங்க மாட்டானா என்றால், ரிஃப்ளெக்டரோடு தொட்டியின் முழு நீளத்துக்கும் மாட்டியிருந்தேன், கட்டைக்கு அடியைத் தவிர நிழலே இல்லை.

பழைய குழாயையும் கொண்டுவரச் சொன்னார். அதே கட்டை, 0.2. "ஆனா இதுதான் பிரகாசமா தெரியுது, பாருங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஆராய்ச்சியாளர் கேரி ஃபெர்குசனும் கூட்டாளிகளும் 15 வகைப் பல்லி, பாம்புகளை அவை வாழும் இடத்திலேயே பின்தொடர்ந்து, தாமாக எவ்வளவு யூவிபி ஏற்றுக்கொள்கின்றன என்று அளந்து 2010-இல் எழுதினார்கள். ஏற்கும் அளவை வைத்து நான்கு மண்டலம். சாமியார் ஜாதி மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. கட்டையில் குறியீடு 3, 4 போதும். நிழலில் வாழ்கிற கெக்கோவுக்கு அதில் கால்வாசிகூடத் தாங்காது. நிறமற்றவை, செதிலில்லாதவை என்றால் இன்னும் குறைக்க வேண்டும். மீட்டர்காரர் இதையெல்லாம் ஆமைகளைப் பற்றிப் பேசுவதற்கு நடுவே நடுவே சொன்னார். விளக்கு தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும், பக்கவாட்டில் வைத்தால் புருவ மேடு கண்ணுக்கு நிழல் தராது என்றார். பாதரச ஆவி விளக்கின் வெளிக்கண்ணாடி உடைந்தும் உள்ளே எரிந்துகொண்டிருந்தால் பக்கத்திலேயே போகாதே, உடனே மின்சாரத்தை நிறுத்து என்றார். கிருமி கொல்கிற 254 நானோமீட்டர் விளக்கைப் பல்லிக்கு மாட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வலையைத் திரும்பப் போட்டுக் குழாயை அதற்கு மேலே ஏற்றினோம், பாதித் தொட்டிக்கு மட்டும். 40 சென்டிமீட்டரில் 3.4. மறு மூலையில் 0.3. அணைத்துவிட்டோம்.

ஜூன் 15

பழைய குழாய் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளே பாதரசம், குப்பையில் போடக் கூடாது. உடைந்தால் வாக்குவம் போடக் கூடாது, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய், அப்புறம் வந்து அட்டையால் அள்ள வேண்டும். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் மூச்சைப் பிடிக்கிறேன். செத்த பிறகும் பயமுறுத்துகிறது.

ஜூன் 16

வலது கண்! முழுசாக!

பூச்சியைப் பார்த்தான். தலையைச் சாய்த்து அளவெடுத்தான், நாக்கு ஒரு விரல்கடை தள்ளி மண்ணில் ஒட்டியது. மண்ணோடு இழுத்துக்கொண்டான். இரண்டாவது தடவை பிடித்துவிட்டான். கடைவாயில் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17

இரண்டும் மூடிக் கிடக்கின்றன. நேற்றைய பக்கத்தைக் கிழித்துவிடலாம் போலிருக்கிறது. அக்கா போன் எடுக்கவில்லை.

ஜூன் 19

வலதில் சாயம் ஒட்டவில்லை. இடதில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. "இன்னும் அஞ்சு நாள் களிம்பு. அப்புறம் விளக்கு போடலாம், முதல்ல கொஞ்ச நேரம் மட்டும்." கையைக் காட்டச் சொன்னார். வாட்ச் தடம் இன்னும் போகவில்லை.

ஜூன் 24

ஆடும் காலுக்குக் கட்டைத் துண்டு. தாள் சுவரில்.

டேப் பிடித்தேன். 40. மறுபடியும் பிடித்தேன். 40. ஸ்விட்சைப் போடக் கை வரவில்லை. நாளைக்கு.

ஜூன் 25

பத்து மணிக்குப் போட்டேன். இருபது நிமிடம். டைமரை நம்பாமல் விரலை ஸ்விட்சிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

சாமியார் மூலையிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். கட்டையில் பாதி ஏறி நின்றார். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்தார், அப்புறம் மீதியும் ஏறினார். வயிற்றைப் பரப்பினார். நாலாவது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

பூச்சி டப்பாவைத் தட்டினேன். திறக்கவில்லை.

இன்னும் பலமாகத் தட்டினேன்.