கட்டி எப்போது கரையும்?

மாதவிடாய் முதலில் 40 நாள் தள்ளிப்போனது, அப்புறம் 55. ஒருமுறை 97 நாள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, வந்தபோது 12 நாள் நிற்கவே இல்லை. 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, போகப்போகச் சரியாகிவிடும்' என்றார் அம்மா. உண்மையைச் சொன்னால், நாள் தள்ளும்போதெல்லாம் எனக்கும் உள்ளூர நிம்மதிதான். வலி இல்லை, தொல்லை இல்லை. அந்த 12 நாள்தான் என்னைப் பயமுறுத்தி மருத்துவரிடம் அனுப்பியது.

"கடைசி ஒரு வருடத்தில் எத்தனை முறை வந்தது?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. தெரியவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் ஆறு வந்தது, ஏழாகவும் இருக்கலாம். எட்டுக்குக் குறைந்தாலே பார்க்க வேண்டிய விஷயம் என்றார். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டோ புரோலாக்டினோ கோளாறாக இருந்தாலும் மாதவிடாய் தள்ளிப்போகுமாம், அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, என்று சொல்ல முடியும். அப்புறம் ஸ்கேன். இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி.

"கட்டி எப்போது கரையும் டாக்டர்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறவர் போலச் சிரித்தார். அது கட்டியே இல்லை. முட்டை வளர்கிற சின்னச் சின்னப் பைகள், முழுதாக வளராமல் பாதியில் நின்றுவிட்டவை. மாதம் ஒன்று முதிர்ந்து வெடித்து முட்டை வெளியேற வேண்டும். இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடுதலாக இருக்கிறவர்களுக்கு அது அடிக்கடி நடக்காமல் போகிறது. முட்டை வெளியேறாவிட்டால் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. அது இல்லாமல் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் தாறுமாறாக உதிரும். என் 12 நாள் கதை அதுதான். நீர்க்கட்டி என்று பெயர் வைத்தவர் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. கரைப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை.

28 நாள் கணக்கை மறந்துவிடுங்கள், 90 நாளைத் தாண்ட மட்டும் விடாதீர்கள் என்றார். அடிக்கடி அப்படித் தாண்டவிட்டால், சவ்வு அளவுக்கு மீறித் தடித்து, பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. நான் நிம்மதி என்று நினைத்த மாதங்களுக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாதவிடாயை ஒழுங்குபடுத்தக் கருத்தடை மாத்திரை எழுதப் போனவர், அதற்கு முன்னால் வரிசையாகக் கேட்டார்: புகைபிடிப்பீர்களா, ரத்த அழுத்தம் உண்டா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த பிரச்சினை உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா? வரும் என்றேன். வருவதற்கு முன் கண்ணில் வெளிச்சம் வளைந்து வளைந்து தெரியுமா? தெரியும். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். தலைவலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆகவே வேறு வழி: நாள் ரொம்பத் தள்ளினால் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை 10 நாள், அதோடு சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின்.

பத்து நாள் முடித்து நான்காம் நாள் வந்துவிட்டது. குணமாகிவிட்டேன் என்று துள்ளினேன். அடுத்த மாதம் ஒன்றும் வரவில்லை. மாத்திரையை நிறுத்தியதால் சவ்வு உதிர்ந்ததே தவிர, சினைப்பை அதன்பாட்டுக்குச் சும்மாதான் இருந்திருக்கிறது. மெட்ஃபார்மின் முதல் இரண்டு வாரம் வயிற்றைப் படுத்தி எடுத்தது. 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டு, மெல்ல மெல்லக் கூட்டிய பிறகு அடங்கியது.

எடை விஷயத்தில் எனக்கு எரிச்சல்தான் அதிகம். ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது, ஆனாலும் எல்லோரும் முதலில் நம் இடுப்பைத்தான் பார்க்கிறார்கள். இருக்கிற எடையில் 5 சதவீதம் குறைந்தாலே உதவலாம் என்று டாக்டர் சொன்னது மட்டும் எட்டக்கூடியதாகப் பட்டது. 74 கிலோவில் 4 கிலோ குறைக்க ஏழு மாதம் பிடித்தது. வாரத்துக்கு 150 நிமிடம் நடை என்பது திட்டம். பல வாரம் 60-ஐத் தாண்டவில்லை.

இப்போது தேதிகளைக் குறித்துவைக்கிறேன்: 38, 44, 36, நடுவே ஒரு 71. அந்தப் பத்து நாள் மாத்திரையைத் தொட்டு ஐந்து மாதம் ஆகிறது. 'ஒழுங்காக வரவில்லை, அதனால் கரு தங்காது' என்று நினைத்துவிட வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார். முட்டை சொல்லிக்கொண்டு வருவதில்லை, குழந்தை இப்போது வேண்டாம் என்றால் அதற்குத் தனியாகப் பாதுகாப்பு வேண்டும். தாடையில் முளைக்கும் முடி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த முறை பேசலாம் என்றிருக்கிறார்.